நீல அட்டை நோட்டு

வருமான வரிப் படிவங்களையும் அவற்றை ஏற்றும் இணையதளத்தையும் வகுத்துத் தரும் தில்லி அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

கன்னியாகுமரி மாவட்டம் திங்கள்சந்தையில் ஒரு மருந்துக்கடையின் மாடி அறையிலிருந்து இதை எழுதுகிறேன். என் மேசை இழுப்பறையில் நீல அட்டை போட்ட லாங் சைஸ் நோட்டு ஒன்று கிடக்கிறது. நானூற்றுச் சொச்சம் பேரின் பான் எண், பிறந்த தேதி, உங்கள் தளத்துக்கான பாஸ்வேர்டு எல்லாம் அதில் வரிசையாக இருக்கின்றன. வலது ஓரத்தில் நானே கோடு கிழித்து 'குறிப்பு' என்று ஒரு பத்தி வைத்திருக்கிறேன். அதில் இப்படியெல்லாம் இருக்கும்: "போன் மருமகள் கையில், ரெண்டு மணிக்கு மேல் கூப்பிடணும்." "சிம்மை மகன் குவைத்துக்குக் கொண்டு போயாச்சு." "ஆதாரில் பழைய நம்பர், மாத்தச் சொல்லியாச்சு, மாத்தல்ல." நாலைந்து பேருக்கு எதிரே ஒரே சொல்தான்: "கடலில்."

இந்த நோட்டு இருக்கவே கூடாது. பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று எல்லோருக்கும் குறுஞ்செய்தி போகிறது. அந்தச் செய்தியையே போனில் எடுத்துக் காட்டி, "இது என்ன சாரே, எதாவது குழப்பமா?" என்று கேட்டுவிட்டு, அடுத்த மூச்சில் பாஸ்வேர்டைச் சொல்கிறார்கள். நானும் எழுதிக்கொள்கிறேன். இந்தத் தொழிலில் எனக்கு வெட்கம் தருகிற காரியம் இது ஒன்றுதான். இதை நான் செய்யாமல் இருக்க நீங்கள் என்ன செய்யலாம் என்று கேட்கத்தான் இந்த மடல்.

என்னைப் பற்றி இரண்டு வரி. பி.காம். படித்தவன். 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 288-ஆம் பிரிவும் விதி 51-ம் வணிகவியல் பட்டதாரி ஒருவர் வரி செலுத்துபவருக்காக உங்கள் முன் ஆஜராகலாம் என்றன. அந்த வாசல் வழியாக வந்தவன். ஊரில் எல்லோரும் 'ஆடிட்டர் சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். நான் ஆடிட்டர் இல்லை என்று முதல் ஐந்து வருஷம் திருத்திக்கொண்டே இருந்தேன், பிறகு விட்டுவிட்டேன். இரண்டு கணினி, ஒரு பிரிண்டர், சீசனுக்கு உதவிக்கு ஒரு பெண். பென்ஷன்காரருக்கு 500 ரூபாய், கடை வைத்திருப்பவருக்கு அதற்கு மேல். சிலர் தேங்காய் கொண்டு வந்து வைத்துவிட்டு, மீதியை ஓணத்துக்குத் தருகிறேன் என்பார்கள்.

வருமான வரி ரிட்டர்னை அவரவர் தானே போட்டுக்கொள்ளும்படிதான் எளிமையாக்கியிருக்கிறோமே, நடுவில் நீ எதற்கு என்று உங்களுக்குத் தோன்றலாம். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதலில் நின்ற மாவட்டம் இது, 91.75 சதவீதம். என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் ஓய்வுபெற்ற வாத்தியார்கள், டீச்சர்கள். என்னையே திருத்துகிற அளவுக்கு ஆங்கிலம் தெரிந்தவர்கள். அவர்களுக்குப் படிக்கத் தெரியாததால் நான் பிழைக்கவில்லை. ஒரு டீச்சரின் கதையைக் கேளுங்கள். பென்ஷனும் வைப்புநிதி வட்டியும் மட்டும் என்றால் ஐடிஆர்-1 என்ற எளிய ரிட்டர்ன் படிவம் போதும். ஆனால் குலசேகரம் பக்கம் அப்பா வழியில் வந்த 60 சென்ட் ரப்பர் இருக்கிறது. பால்வெட்டுக்காரருக்குக் கூலி போக ஷீட் விற்ற காசு வருஷத்துக்கு 5,000 ரூபாயைத் தாண்டிவிடும். விவசாய வருமானம் 5,000-க்கு மேல் போனால் ஐடிஆர்-1 கிடையாது, ஐடிஆர்-2-க்குப் போக வேண்டும். 2025-இல் ஐடிஆர்-2-ஐ நிரப்பி ஏற்றுவதற்கான எக்செல் கோப்பு வெளிவந்ததே ஜூலை 11-ஆம் தேதிதான். ஏப்ரல் மாதமே எல்லாக் காகிதத்தையும் மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவந்த டீச்சர், அறுபது சென்ட் ரப்பருக்காக ஜூலை பாதிவரை காத்திருந்தார். ஒவ்வொரு வாரமும் போன் வரும். "இன்னும் வரல்லியா?" நான் சோம்பேறி என்று நினைத்திருப்பார்.

இனி 'கடலில்' என்ற குறிப்புக்கு வருகிறேன். முட்டத்திலிருந்து மேற்கே நீரோடி வரை விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம். வங்கிக் கடனுக்கு ரிட்டர்ன் வேண்டும் என்பதால் குளச்சல், தூத்தூர் பக்கத்துப் போட்டுக்காரர்கள் (படகு வைத்திருப்பவர்கள்) பலர் என்னிடம் வருகிறார்கள். பழைய கெடுவான ஜூலை 31 எங்களுக்கு வாய்ப்பாக அமைந்திருந்தது: ஆள் கரையில், போன் கையில், பழுதுபார்ப்பு பில்லெல்லாம் வீட்டில். தடை முடிந்து படகு இறங்குவதற்குள் எல்லாவற்றையும் முடித்துவிடுவோம். 2025 மே மாதக் கடைசியில் கெடுவைச் செப்டம்பர் 15-க்குத் தள்ளினீர்கள். பலருக்கு அது உதவிதான், மறுக்கவில்லை. என் போட்டுக்காரர் ஒருவர் பேப்பரைப் பார்த்துவிட்டு, "கவர்மென்டே நேரம் தந்திருக்கே, ஒரு ஓட்டம் போயிட்டு வந்து பாத்துக்கிடலாம் சாரே" என்றார். சிறு தொழில்காரருக்கான ஐடிஆர்-4 கோப்பு ஜூனுக்கு முன்பே வந்துவிட்டது, இப்போதே போடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். ஆகஸ்ட் பிறந்ததும் போய்விட்டார். ஆழ்கடல் ஓட்டம் என்றால் வாரக்கணக்கு. செப்டம்பர் 15-ஆம் தேதி அவர் எந்தத் திசையில் இருந்தார் என்று அவர் மனைவிக்கே தெரியாது.

அந்த இரவைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாயங்காலத்திலிருந்தே தளம் முக்கிக்கொண்டிருந்தது. உள்ளே நுழைந்தால் ஏஐஎஸ் (ஒருவரின் வருஷ வரவு விவரப் பட்டியல்) திறக்காது. ஏஐஎஸ் திறந்தால் வரிச் சலான் கட்ட முடியாது. சலான் கட்டி முடித்தால் வெளியே தள்ளிவிடும். திரும்பவும் பான், திரும்பவும் அந்தச் சின்னக் கட்டத்தில் டிக், திரும்பவும் பாஸ்வேர்டு. கீழே மருந்துக்கடை பூட்டியாயிற்று. மாடிப்படியில் ஏழு பேர். கறன்ட் ஒருமுறை போய் வந்தது. இன்வெர்ட்டர் இரண்டு கணினியைத் தாங்கியது, மோடத்தைத் தாங்கவில்லை. ஒரு தங்கச்சி தன் போனின் ஹாட்ஸ்பாட்டைப் போட்டுக் கொடுத்தாள். பதினொன்றரைக்கு மூன்று பேரை, "நாளைக்கு அபராதத்தோடு போட்டுக்கிடலாம்" என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். அதில் ஒருவருக்கு 5,000 ரூபாய். வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றும்போது போனில் செய்தி: ஒரு நாள் நீட்டிப்பு, 16-ஆம் தேதி வரை. நள்ளிரவு 12 முதல் 2.30 வரை தளம் பராமரிப்பில் இருக்கும். நல்லதுதான். மூன்று வீட்டுக்கும் அந்த நேரத்தில் போன் போட்டு எழுப்பினேன். ஒரு வீட்டில் யாரோ இறந்துவிட்டார்களோ என்று பயந்துபோனார்கள்.

கடலில் இருந்தவரின் ரிட்டர்னை 16-ஆம் தேதி மத்தியானம் ஏற்றினேன். எப்படி? நீல நோட்டு. பாஸ்வேர்டு இருந்தது, போட்டேன். அவர் கரை சேர்ந்த பிறகு, 30 நாள் கெடுவுக்குள், ஆதார் ஓடிபி வாங்கி, ரிட்டர்ன் அவருடையதுதான் என்று சரிபார்த்து முடித்தோம். அந்த நோட்டு இல்லையென்றால் அவருக்கு அபராதம். அதை வைத்திருப்பது தவறு. வைத்திருக்காவிட்டால் அவருக்கு நஷ்டம். இந்த இக்கட்டில் பதினெட்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன்.

கடலுக்குப் போனவர் திரும்பி வருவார். குவைத்துக்குப் போனவர்கள் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. எங்கள் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒரு நர்ஸ், ஒரு கப்பல்காரர், ஒரு வளைகுடாக்காரர் என்று சொன்னால் பெரிய மிகையில்லை. நர்ஸ் ஒருத்தி, என்ஆர்ஓ கணக்கில் (வெளிநாடுவாழ்வோர் இங்கே வைத்திருக்கும் வங்கிக் கணக்கு) வைப்புநிதி போட்டிருந்தாள். வட்டி 84,000. வெளிநாடுவாழ் இந்தியர் என்பதால் 31.2 சதவீதம் பிடித்தம், 26,208 ரூபாய். இந்தியாவில் வேறு வருமானம் இல்லை, முழுவதும் திரும்ப வரவேண்டிய பணம். ரிட்டர்ன் போடப் பத்து நிமிஷம் ஆகவில்லை. சரிபார்க்கத்தான் வழியில்லை. ஆதாரில் இருந்த இந்திய எண் ரீசார்ஜ் செய்யாமல் கட் ஆகிவிட்டது. வங்கிக் கணக்கிலும் அதே எண், நெட் பேங்கிங்குக்கும் அதே எண். டிஜிட்டல் கையொப்பம் வாங்கலாம். அதன் செலவு என் கூலியைவிட அதிகம். கடைசியில், கையெழுத்துப் போட்டுச் சரிபார்க்கும் ஐடிஆர்-வி தாளை அவளுக்கு அனுப்பி, அங்கே பிரின்ட் எடுத்துக் கையெழுத்துப் போட்டு, லீவுக்கு வருகிற கருங்கல்காரர் ஒருவர் கையில் கொடுத்தனுப்பினாள். அவர் வந்து இரண்டு நாள் கழித்துத்தான் பெட்டியைத் திறந்தார். பெங்களூருக்கு விரைவுத் தபாலில் போட்டபோது கெடுவுக்கு ஐந்து நாள் மிச்சம். போய்ச் சேர்ந்தது. 2022 ஆகஸ்ட்டுக்கு முன்பு இதற்கு 120 நாள் இருந்தது என்பதை நினைவூட்டுகிறேன். உள்ளூர்க்காரருக்கு 30 நாள் போதும். கடல் கடந்து கையெழுத்து வரவேண்டியவருக்காவது பழைய 120-ஐத் திருப்பித் தாருங்கள்.

இவளுக்கு முன்பே 2023 ஜூலையில் ஒரு கூட்டம் வந்தது. ஆதாரோடு இணைக்காத பான்கள் செயலிழந்த மாதம் அது. வெளிநாடுவாழ்வோருக்கு இணைப்பிலிருந்து விலக்கு உண்டு, ஆனால் உங்கள் பதிவேட்டில் அவர்கள் இன்னும் உள்ளூர்வாசிகளாகவே இருந்தார்கள். பாஸ்போர்ட் பக்கங்களை ஸ்கேன் செய்து மின்னஞ்சல் அனுப்பி அனுப்பி என் பிரிண்டரின் கண்ணாடி மங்கிவிட்டது.

இப்போது என் கோரிக்கை. ஜிஎஸ்டி தளத்தில் எனக்கென்று ஒரு லாகின் இருக்கிறது. பிராக்டிஷனர் என்று பதிவு. வாடிக்கையாளர் தன் கணக்கிலிருந்து என்னைத் தேர்ந்தெடுப்பார், நான் ஏற்றுக்கொள்வேன், அன்றிலிருந்து அவருடைய ரிட்டர்னை என் லாகினிலேயே தயார் செய்யலாம். பிடிக்காவிட்டால் அவரே என்னை நீக்கிவிடலாம். தாக்கல் செய்ய அவருடைய ஓடிபி வேண்டும், அது நியாயம். அவருடைய பாஸ்வேர்டு எனக்கு வேண்டாம்; எனக்குத் தெரியவும் தெரியாது. ஜிஎஸ்டிக்கு நான் நோட்டுப் போட்டதில்லை.

வருமான வரித் தளத்திலும் பிரதிநிதியை நியமிக்க வழி இருக்கிறதே என்பீர்கள். பார்த்திருக்கிறேன். பவர் ஆஃப் அட்டர்னி எழுதி, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கோரிக்கை வைத்து, ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டும். 500 ரூபாய் வேலைக்கு முத்திரைத்தாள் வாங்கச் சொன்னால் அவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். பட்டயக் கணக்காளரை இணைத்துக்கொள்ளத் தனி வசதி உண்டு. இ-ரிட்டர்ன் இடையாள் என்ற பதிவும் உண்டு; அதன் நிபந்தனைகளைப் படித்தால் பெரிய நிறுவனங்களை மனதில் வைத்து எழுதியது புரியும். ஐடிஆர் படிவத்தின் கடைசியில் ஒரு கட்டம் இருக்கிறது, ரிட்டர்னைத் தயாரித்தவர் டிஆர்பி (நீங்கள் அங்கீகரித்த ரிட்டர்ன் தயாரிப்பாளர்) என்றால் அவருடைய எண்ணும் பெயரும் எழுதச் சொல்லி. 2006-இல் வந்த திட்டத்தின் மிச்சம். நான் அந்தத் திட்டத்தில் வந்தவன் அல்ல, அதனால் என் பெயரை எழுத இடமில்லை. பதினெட்டு வருஷமாக ஆயிரக்கணக்கான ரிட்டர்ன் போட்டிருக்கிறேன், ஒன்றில்கூட என் பெயர் கிடையாது.

பெயர் இல்லாததால் யாருக்கு லாபம் தெரியுமா? 2025 ஜூலை 14-ஆம் தேதி நாடு முழுவதும் 150 இடங்களில் சோதனை நடத்தியதாக அறிவித்தீர்கள். பொய்க் கழிவு காட்டி ரீபண்ட் வாங்கிக் கொடுத்து, அதில் பங்கு எடுக்கும் இடைத்தரகர்கள். எங்கள் பக்கமும் அப்படி ஆள் உண்டு. பைக்கில் வருவார், ஆபீஸ் கிடையாது, வாட்ஸ்அப் எண் மட்டும். கட்சிக்கு நன்கொடை கொடுத்ததாக ஒரு வரி, இல்லாத வீட்டு வாடகை ஒரு வரி. பணம் வந்ததும் சதவீதம் எடுத்துக்கொண்டு போய்விடுவார். பக்கத்துத் தெரு வாத்தியார் ஒருவர் என்னிடம் வந்து சண்டையே பிடித்தார்: "அவனுக்க கையில கொடுத்தவனுக்கெல்லாம் அறுபதாயிரம் வந்திருக்கு. நீரு எனக்கு நாலாயிரம்தான் வாங்கித் தந்தீரு." அடுத்த வருஷம் அவர் அந்தப் பைக்கில் வருகிறவரிடம் போனார். அதற்கடுத்த வருஷம் நோட்டீஸோடு என்னிடம் திரும்பி வந்தார். அந்த வாட்ஸ்அப் எண் இப்போது எடுப்பதில்லை. ரிட்டர்னைத் தயாரித்தவர் யார் என்று பதியக் கட்டாயக் கட்டம் ஒன்று இருந்திருந்தால் 150 இடத்தைத் தேடிப் போயிருக்க வேண்டியதில்லை. எங்களைப் பதிவு செய்யுங்கள், தேர்வு வையுங்கள், தப்பு செய்தால் எண்ணைப் பறியுங்கள்.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு குடும்ப ஓய்வூதியக்காரருக்கு நிலுவைத் தொகை மொத்தமாக வந்தது. நிலுவை ஒரே வருஷத்தில் வந்ததால் கூடும் வரிக்குப் பிரிவு 89 நிவாரணம் கேட்டு ரிட்டர்ன் போட்டேன், அதற்கு முன் அதற்கான படிவம் 10இ ஏற்ற மறந்துவிட்டேன். நிவாரணம் மறுக்கப்பட்டு வரி கேட்டு அறிவிக்கை வந்தது. எங்கே வந்தது? அந்த அம்மாவுக்கு மின்னஞ்சல் கிடையாது, என் மின்னஞ்சலைக் கொடுத்திருந்தேன். அதில் விளம்பரங்களுக்கும் நானூறு பேருக்காக நீங்கள் அனுப்பும் செய்திகளுக்கும் நடுவில் மூன்று மாதம் கிடந்தது. அவர் போனுக்குக் குறுஞ்செய்தியும் வந்திருக்கிறது, ஆங்கிலத்தில். பேரன் லாட்டரி மோசடி என்று அழித்துவிட்டான். வட்டியை நான் என் கையிலிருந்து கட்டினேன். எனக்கு லாகின் இருந்தால் யாருக்கு என்ன நோட்டீஸ் வந்திருக்கிறது என்று காலையில் ஒரே பக்கத்தில் பார்த்துவிடுவேன். குறுஞ்செய்தியைத் தமிழில் அனுப்பினால் பேரனும் அழித்திருக்க மாட்டான்.

சின்ன விஷயங்கள் இன்னும் உண்டு, வேகமாகச் சொல்கிறேன். எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இன்ஷியல்தான். பானில் அப்பா பெயர் விரிந்து கடைசிப் பெயராக நிற்கும், ஆதாரில் இன்ஷியலாகக் குறுகி நிற்கும், பாஸ்புக்கில் வீட்டுப் பெயரும் சேர்ந்து நிற்கும். மூன்றும் ஒரே ஆள்தான் என்று தளத்துக்குப் புரியவைப்பதற்குள் ரீபண்ட் ஆறு மாதம் தாமதம். பங்கு விற்ற சகோதரர்கள் இருவர். 2024-இல் அண்ணன் ஜூலை 3-ஆம் தேதி போட்டார், 87ஏ கழிவை (குறைந்த வருமானக்காரருக்கான வரித் தள்ளுபடி) மென்பொருள் ஏற்றது. தம்பி 8-ஆம் தேதி போட்டான், ஏற்கவில்லை. நடுவில் 5-ஆம் தேதி மென்பொருளை மாற்றியிருந்தீர்கள். "அண்ணனுக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமா?" என்று கேட்டான். பம்பாய் உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு தாமத, திருத்த ரிட்டர்னுக்கான டிசம்பர் 31 கெடு ஜனவரி 15 வரை நீண்டது. அதுவரை பதில் சொல்லிக்கொண்டிருந்தது நான்.

வேகமாகச் சொல்ல முடியாதது ஒன்று இருக்கிறது, நிலம். எங்கள் ஊரில் பத்திரத்தைப் பிரமாணம் என்போம். 1956 நவம்பர் 1 வரை நாங்கள் தமிழ்நாட்டில் இல்லை. அதனால் பழைய பிரமாணங்கள் மலையாளத்தில் இருக்கும், தேதி கொல்லம் ஆண்டில் இருக்கும். சென்ற வருஷம் 12 சென்ட் விற்ற ஒருவர் கொண்டுவந்த பிரமாணத்தில் '1124 மேடம்' (மலையாளச் சித்திரை மாதம்) என்று இருந்தது. உங்கள் படிவமோ வாங்கிய தேதியை நாள், மாதம், வருஷம் என்று கேட்கிறது. எனக்கு மலையாளம் பேச வரும், அந்தக் கையெழுத்து வாசிக்க வராது. தக்கலையில் கண் மங்கிப்போன பிரமாண எழுத்துக்காரர் ஒருவர் இருக்கிறார்; அவரிடம் போய், லென்ஸ் வைத்து வாசித்து, மேடத்தில் எத்தனையாவது நாள் என்று கண்டுபிடித்து, 1949 ஏப்ரலுக்குக் கொண்டுவந்தோம். அதன்பிறகுதான் கணக்கே தொடங்குகிறது: 2001-க்கு முந்திய சொத்து என்பதால் 2001 ஏப்ரல் 1 மதிப்பு என்ன, 2024 ஜூலை 23-க்குப் பிந்தைய விற்பனை என்பதால் வரி 12.5 சதவீதமா, பணவீக்கச் சரிக்கட்டலோடு 20 சதவீதமா, எது அவருக்குக் குறைவு. அதெல்லாம் என் வேலை, புகார் இல்லை. 2001-க்கு முந்திய சொத்துக்கு நாள் தெரியாவிட்டால் வருஷம் போதும் என்று ஒரு தெரிவு வைத்தால் அந்தப் பெரியவரின் கண்ணுக்கு ஓய்வு கிடைக்கும்.

2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம். 536 பிரிவுகள், எண்களெல்லாம் மாறுகின்றன, மதிப்பீட்டு ஆண்டு போய் வரி ஆண்டு வருகிறது. படிக்கிறேன், பரவாயில்லை. எல்லாவற்றையும் புதிதாக எழுதுகிற இந்த நேரத்திலேயே, பட்டயக் கணக்காளர் அல்லாத எங்களுக்கும் ஒரு லாகின் தந்துவிடுங்கள். ஆண்டு பிறக்கும்போதே எல்லாப் படிவத்தின் கோப்புகளும் வெளிவரட்டும். ஒன்று தாமதமானால் அந்தப் படிவத்துக்கு மட்டும் கெடுவை நீட்டி, கடைசி இரவில் சொல்லாமல், கோப்பு வெளிவரும் அன்றே சொல்லுங்கள்.

லாகின் வந்தால் அந்த வாரமே நோட்டிலிருக்கும் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, பாஸ்வேர்டை அவர்களே மாற்றும்படி செய்து, பக்கம் பக்கமாகக் கிழித்துவிடுவேன். இன்று சாயங்காலம்கூட அதில் ஒரு வரி சேர்ந்தது. மண்டைக்காட்டுக்காரர், கப்பலில் வேலை. குறிப்பில் எழுதியிருப்பது: "சிங்கப்பூர் சிம். மனைவி நம்பரைக் கொடுத்திருக்கார். ஏழு மணிக்கு மேல் செபம், கூப்பிடக் கூடாது."

இப்படிக்கு,
திங்கள்சந்தையிலிருந்து,
ஊர்க்காரர்கள் ஆடிட்டர் என்று கூப்பிடுகிற ஒருவன்